பக்கத்து இருக்கையில் யார்?

"வண்டி இருக்கிறது, ஓட்ட ஆள் இல்லை" என்கிறார்கள் நாமக்கல், சங்ககிரிப் பகுதி லாரி உரிமையாளர்கள். "உரிமம் இருக்கிறது, ஓட்ட வண்டி இல்லை" என்கிறார்கள் நம் ஊர் இளைஞர்கள். இரு சாராரும் பொய் சொல்லவில்லை. ஒரே வட்டாரத்தில், ஒரே காலத்தில், ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றும் இவ்விரு குரல்களும் எழுவது எப்படி? இவற்றிடையே விழுந்துள்ள பள்ளம் எது? குடும்பங்கள் பலவற்றின் பிழைப்பையும், சாலையில் செல்வோர் அனைவருடைய உயிரையும் தொடுகின்ற கேள்வி இது. ஆகவே இத்திங்கள் இதனைச் சற்று விரிவாகவே சிந்திக்க விழைகின்றோம்.

ஜலகண்டாபுரம் தறியோசையில் விழித்துத் தறியோசையில் கண்ணயரும் ஊர். மேட்டூரும் எடப்பாடியும் தாரமங்கலமும் சூழ நிற்கும் இவ்வூரில், நூல் விலையும் துணி விலையும் ஏறி இறங்கும்போதெல்லாம் அடுப்பின் வெப்பமும் ஏறி இறங்கும். தந்தையின் தறியில் தனக்கு இடமில்லை எனக் காணும் மகன் வேறு தொழிலை நாடுவது இயல்பே. அவன் கண்முன் நிற்பதோ லாரித் தொழில். நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள். எரிவாயு ஏற்றும் டேங்கர்கள். முட்டை ஏற்றிச் செல்லும் வண்டிகள். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள். சங்ககிரியிலோ ஊரின் பெயரோடு லாரி என்னும் சொல்லும் ஒட்டிக்கொண்டே வரும். கிளீனராய் ஏறி, ஓட்டுநராகி, கடன் வாங்கிச் சொந்த வண்டி எடுத்து, பின்னர் பல வண்டிகளுக்கு உரிமையாளரானோர் இப்பகுதியில் ஒருவர் இருவர் அல்லர். உழைப்பவனை உயர்த்தும் தொழில் என்னும் நம்பிக்கை இம்மண்ணில் அவ்வாறுதான் வேரூன்றிற்று.

நாம் பேசிப் பார்த்த இளைஞர்களுள் ஒருவரது நிலை பலருடைய நிலைக்கும் சான்றாகும். வயது இருபத்திரண்டு. தந்தை கூலிக்குத் தறி ஓட்டுபவர். தாயார் தம் காதணியை அடகு வைத்துப் பயிற்சிப் பள்ளிக் கட்டணம் கட்டினார். தேர்வில் தேறிக் கனரக வாகன உரிமமும் பெற்றாகிவிட்டது. மூன்று திங்களாக லாரி அலுவலகங்களின் படியேறி இறங்கி வருகிறார். ஓரிடத்தில் நிகழ்ந்த உரையாடலை அவர் நமக்கு அப்படியே சொன்னார்:

"எத்தனை வருஷம் லைன் ஓட்டியிருக்கே, தம்பி?"

"இன்னும் ஓட்டலீங்கண்ணா. லைசென்ஸ் வாங்கி மூணு மாசம் ஆச்சுங்க."

"அப்போ நல்லா ஓட்டிப் பழகிட்டு வா, பார்க்கலாம்."

"வண்டி குடுத்தாத்தானுங்கண்ணா பழக முடியும்?"

அதற்கு அங்கே மறுமொழி இல்லை. "சொல்லி அனுப்புறோம்" என்று கூறி அனுப்பிவிட்டனர். அன்று முதல் அவர் தொலைபேசியைக் கையைவிட்டு இறக்குவதில்லை. சம்பளம் எவ்வளவு என்று கூட அவர் கேட்கவில்லை. "ஒரு நல்ல டிரைவர் அண்ணன் பக்கத்துல ஒரு மாசம் உட்கார்ந்து போனாப் போதும்" என்பதே அவர் நம்மிடம் கூறியது.

அவர் கேட்பது சிறியதன்று. இத்தொழிலின் உயிர்நாடியையே அவர் கேட்கிறார்.

பள்ளிக்கூடமாக இருந்த இருக்கை

முன்னர் லாரி ஓட்டக் கற்றவர் எவரும் முதலில் ஸ்டியரிங்கைத் தொட்டவரல்லர். அவர் கிளீனராகச் சேர்ந்தார். விடியுமுன் எழுந்து கண்ணாடி துடைத்தார். டயர்களைத் தட்டிப் பார்த்துக் காற்றின் அளவை ஓசையாலேயே அறிந்தார். தண்ணீர், ஆயில் பார்த்தார். ஜாக்கி வைத்து ஸ்டெப்னி மாற்றினார். தார்ப்பாய் இழுத்துக் கயிறு கட்டினார். மேட்டில் வண்டி நின்றால் இறங்கி ஓடிச் சக்கரத்திற்குக் கட்டை போட்டார். பின்னால் எடுக்கும்போது இறங்கி நின்று, "வரட்டும், வரட்டும்" என்று குரல் கொடுத்தார். வளைவில் இடப்பக்கம் எட்டிப் பார்த்து, "சைக்கிள் வருது, நில்லுங்க" என்றார். இரவெல்லாம் ஓட்டுநர் கண்ணயராதிருக்கப் பேச்சுக் கொடுத்தார்.

இவையெல்லாம் எடுபிடி வேலை போலத் தோன்றும். உண்மையில் இவையே பாடங்கள். சுமை எப்பக்கம் சாய்ந்தால் வண்டி எப்படி ஆடும், எந்த ஓசை எஞ்சினின் இயல்பு, எது நோய், மழையில் தார்ச்சாலை எப்போது வழுக்கும், எதிரே வருபவர் விளக்கை அணைத்துப் போடுவதன் பொருள் என்ன, எந்த ஊரின் சாலையோரத்தில் விடியலில் ஆடுமாடு படுத்திருக்கும் என்பனவற்றை எந்தப் புத்தகமும் முழுமையாய்க் கற்பிக்க இயலாது. ஆண்டுக்கணக்கில் பக்கத்து இருக்கையில் அமர்ந்தவர் அவற்றைக் கேளாமலே கற்றார். பின்னொரு நாள், வெறும் வண்டியாய்த் திரும்பும்போது, ஆளரவமற்ற சாலையில், "வா, இந்தப் பக்கம் உட்காரு" என்று ஓட்டுநர் இடம் மாறிக் கொடுப்பார்.

அந்தப் பழைய முறையை முற்றும் புகழ்ந்துவிட நமக்கு உடன்பாடில்லை. அதில் வசையும் அடியும் இருந்தன. பள்ளியில் இருக்க வேண்டிய சிறுவர்களும் கிளீனர்களாய் அலைந்தனர். உரிமம் பெறுமுன்னரே ஸ்டியரிங் கைக்கு வந்தது சட்டத்திற்கும் பாதுகாப்பிற்கும் மாறானது. கற்பித்தவரிடம் நல்ல பழக்கம் இருந்தால் அது வந்தது. குடிப்பழக்கம் இருந்தால் அதுவும் கூடவே வந்தது. எனினும், ஒருவரும் ஒரே நாளில் தனியே சாலையில் தள்ளப்படவில்லை என்னும் ஒரு நன்மை அதில் இருந்தது. அந்த நன்மைக்கு ஈடாக வேறொன்றை நாம் இன்னும் அமைத்துக்கொள்ளவில்லை.

இருக்கை வெறுமையானது ஏன்?

இன்று நெடுஞ்சாலையில் செல்லும் லாரிகளை உற்றுப் பாருங்கள். பலவற்றில் ஓட்டுநர் ஒருவரே இருக்கிறார். டீசல் விலை, சுங்கக் கட்டணம், காப்பீடு, கடன் தவணை ஆகியவற்றிற்கு இடையே நசுங்கும் உரிமையாளர், குறைக்கக்கூடிய செலவாக இரண்டாவது ஆளின் சம்பளத்தையும் படியையுமே காண்கிறார். சாலைகள் அகன்றன, டயர்கள் முன்போல் அடிக்கடி வெடிப்பதில்லை, பவர் ஸ்டியரிங் வந்தது, வழி கேட்க இறங்க வேண்டியதில்லை, கைத்தொலைபேசியே வழி சொல்கிறது. ஆதலால் கிளீனர் வேண்டாதவராகிப் போனார்.

சட்டமும் ஒரு படி இறங்கிவந்தது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, தேசிய அனுமதி பெற்ற சரக்கு வண்டியில் குறைந்தது இரண்டு ஓட்டுநர்கள் இருத்தல் வேண்டும். மாற்று ஓட்டுநர் காலை நீட்டிப் படுத்துறங்க ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் முழு அகல இருக்கையும் வேண்டும். 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இருவர் இருந்தாக வேண்டும் என்னும் கட்டாயம் நீக்கப்பட்டது. படுக்கும் இருக்கை எஞ்சியது; அதில் படுக்க வேண்டிய ஆள் எஞ்சவில்லை. அதே 2018-ல் சரக்கு வண்டிகள் ஏற்றத்தக்க எடையின் வரம்பு உயர்த்தப்பட்டது. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாயிற்று. ஆட்கள் குறைந்தார்கள், சுமை கூடிற்று.

இரண்டாவது ஆள் போனதோடு ஒரு செலவு குறைந்தது மெய்தான். ஆனால் அடுத்த தலைமுறை ஓட்டுநர் உருவாகும் பள்ளிக்கூடமும் அன்றே பூட்டப்பட்டது. இன்று "ஓட்ட ஆள் இல்லை" என்று வருந்தும் உரிமையாளர், நேற்று அந்த ஆளை உருவாக்கும் இருக்கையைத் தாமே வெறுமையாக்கினார் என்பதை நினைவுகூரல் நலம். விதைநெல்லைச் சமைத்து உண்ட பின் நாற்று எங்கே என்று கேட்பது போன்றதே இது.

உரிமம் தருவதும் தராததும்

சட்டம் ஓட்டுநரைப் படிப்படியாகவே ஏற்றுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பொதுவாக வண்டி ஓட்ட வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். போக்குவரத்து வாகனம் ஓட்ட 20. இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டு ஆன பின்னரே போக்குவரத்து வாகனத்திற்குப் பழகுநர் உரிமம் கேட்க இயலும். பழகுநர் உரிமம் ஆறு திங்கள் செல்லும். அது கிடைத்து முப்பது நாள் கழிந்த பின்பே தேர்வு. பழகும் காலத்தில், முறையான உரிமம் உடையவர் ஒருவர் வண்டியை உடனே நிறுத்தக்கூடிய விதத்தில் பக்கத்தில் அமர்ந்திருத்தல் வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றிருந்த நிபந்தனை 2019-ல் நீக்கப்பட்டுவிட்டது. ஆதலால் ஏழைப் பிள்ளைகளுக்கு வாயில் அகலத் திறந்திருக்கிறது, இது வரவேற்கத்தக்கதே.

பயிற்சிப் பள்ளிகளில் போக்குவரத்து வாகனப் பயிற்சி முப்பது நாளுக்குக் குறையலாகாது. மெய்யாக ஓட்டும் நேரம் பதினைந்து மணிக்குக் குறையலாகாது என்பது விதி. பதினைந்து மணி நேரம்! சேலத்திலிருந்து மும்பைக்குச் சுமையோடு ஒருமுறை சென்றடைய ஆகும் ஓட்ட நேரமே இதனினும் மிகுதி. 2021 முதல் நடைமுறைக்கு வந்த அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கான விதிகள், கனரக வாகனப் பயிற்சியை ஆறு வாரத்தில் 38 மணி நேரம் என வகுத்துள்ளன. இது ஒரு முன்னேற்றம். ஆயினும் பள்ளியின் வண்டி பெரும்பாலும் வெறும் வண்டி, நேரம் பகல், பயிற்றுநரின் காலடியிலும் ஒரு பிரேக் மிதி உண்டு. நாளை அந்த இளைஞர் ஏறப்போகும் லாரியிலோ இருபது டன்னுக்கு மேல் சுமை, நள்ளிரவு, மழை. பிரேக் மிதி ஒன்றே, அதுவும் அவர் காலடியில் மட்டுமே.

ஆகவே, "ஓட்டிப் பழகிட்டு வா" என்று சொல்லும் உரிமையாளரின் அச்சத்தையும் நாம் புறக்கணிக்க முடியாது. பல இலட்சம் பெறும் வண்டி, பிறர் பொருள், வங்கிக் கடன். உரிமம் என்பது சாலையில் ஏற அரசு தரும் இசைவு. சாலையைக் கற்றாயிற்று என்பதற்கு அது சான்றாகாது. இதனை உரிமையாளரும் அறிவார். நேர்மையான இளைஞரும் அறிவார். அறியாதது, அந்த இடைவெளியை நிரப்புவது யார் என்பதே.

பிற நாடுகளும் இவ்விடைவெளியைக் கண்டன. ஜெர்மனியில் லாரி ஓட்டுதல் மூன்றாண்டுத் தொழிற்பயிற்சியாகவே அமைந்துள்ளது. இளைஞர் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே தொழிற்பள்ளியிலும் பயில்கிறார். அமெரிக்காவில் 2022 பிப்ரவரி முதல் புதிய ஓட்டுநர்க்கு வரையறுக்கப்பட்ட தொடக்கப் பயிற்சி கட்டாயமாயிற்று. அதன் பின்னரும் அங்குள்ள பெரிய நிறுவனங்கள் பல, உரிமம் பெற்றவரை உடனே தனியே அனுப்புவதில்லை. மூத்த ஓட்டுநர் ஒருவரோடு சில வாரங்கள் ஒரே வண்டியில் அனுப்புகின்றன. புதியவர் ஓட்டுகிறார், மூத்தவர் பக்கத்தில் அமர்கிறார். அங்கும் புதியவர்கள் அந்த மூத்தவரின் அழைப்புக்காக வீட்டில் காத்துக் கிடப்பதுண்டு. ஆனால் அழைப்பு வரும் என்பது உறுதி. நம் இளைஞர்க்கு இல்லாதது அந்த உறுதியே.

தொப்பூர் கற்பிக்கும் பாடம்

இது வெறும் வேலைவாய்ப்புப் பேச்சன்று, உயிர்ப் பேச்சு என்பதற்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மேட்டூரிலிருந்து தொப்பூருக்குச் செல்லும் சாலை நமக்குப் பழக்கமானதே. அந்தத் தொப்பூர்க் கணவாயில், பெங்களூரிலிருந்து சேலம் நோக்கி வரும் தேசிய நெடுஞ்சாலை நெடுந்தூரம் சரிந்து இறங்குகிறது. 2020 டிசம்பரில் சிமெண்ட் மூட்டை ஏற்றி வந்த லாரியொன்று கட்டுப்பாடிழந்து, அங்கே நெரிசலில் நின்றிருந்த பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் மீது மோதியதில் நால்வர் மாண்டனர். 2024 ஜனவரியிலும் அங்கே கோர விபத்து நேர்ந்து மீண்டும் நான்கு உயிர்கள் போயின. ஒவ்வொரு விபத்திற்கும் காரணம் தனித்தனியே இருக்கலாம். அதனைத் தீர்ப்பது நம் வேலையன்று. ஆனால் இத்தகைய இறக்கத்தில் புதியவர் அறிய வேண்டியது என்ன என்பதைச் சொல்லலாம்.

சுமை ஏற்றிய லாரி இறக்கத்தில் தானே வேகம் கொள்ளும். புதியவரின் கால் பிரேக்கைத் தேடும், அழுத்திக்கொண்டே இருக்கும். அப்போது பிரேக் லைனிங்கும் டிரம்மும் உராய்ந்து கொதிக்கும். கொதித்த லைனிங் பிடிப்பை இழக்கும். மேலும் அழுத்தினால் காற்றுத் தொட்டியின் அழுத்தமும் குறைந்துகொண்டே வரும். "பிரேக் பிடிக்கவில்லை" என்று பின்னர் சொல்லப்படுவதில் பல நேரம் நடந்தது இதுவே. டீசல் மிச்சமாகும் என எண்ணி நியூட்ரலில் இறக்குவோரும், எஞ்சினையே நிறுத்திவிடுவோரும் உண்டு. கியர் விடுபட்டால் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. எஞ்சின் நின்றாலோ காற்று நிரப்பும் கம்ப்ரசரும் நிற்கும். ஸ்டியரிங் கல்லாய் இறுகும். சில ரூபாய் டீசலுக்காகப் பணயம் வைக்கப்படுவது எத்தனை குடும்பங்கள்!

அனுபவமுள்ளவர் செய்வது வேறு. இறக்கம் தொடங்குமுன்னரே வேகத்தைக் குறைக்கிறார். எந்தக் கியரில் அந்த மேட்டை ஏறுவாரோ, அந்தக் கியரிலோ அதற்கும் கீழோ இறங்குகிறார். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. பிரேக்கை விட்டுவிட்டு, சிறிது சிறிதாக மட்டுமே தொடுகிறார். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் முதன்முறை அந்தச் சரிவில், பின்னால் ஒலிப்பான்கள் அலற, முன்னால் இருள் சூழ, கால் தானாகப் பிரேக்கைத் தேடும்போது, "விடு தம்பி, காலை எடு, எஞ்சின் பிடிக்கும்" என்று சொல்லப் பக்கத்தில் ஒருவர் வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தின் விலையை எதனால் அளப்பது?

இறக்கம் ஒன்று மட்டுமோ? நீண்ட வண்டி திரும்புகையில் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வருவதில்லை. உள்ளே ஒதுங்கி வெட்டிச் செல்லும். அந்த உட்புறத்தில்தான் இருசக்கர வண்டியில் நம் பிள்ளை நிற்பான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி ஏறத்தாழ 17 மீட்டர் பாய்ந்துவிடும். வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க ஆகும் தொலைவு ஏறக்குறைய நான்கு மடங்காகும். பின்னிரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே, எவ்வளவு வல்லவரையும் உறக்கம் வெல்லப் பார்க்கும். 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலையே வகுத்தது. ஐந்து மணி நேரத்திற்கு மேல் ஓய்வின்றி வேலை வாங்கலாகாது என்றும் கூறிற்று. ஏட்டில் இருந்த இவ்விதி தனியே ஓட்டுபவரின் கேபினுக்குள் எவ்வளவு நுழைந்தது என்பதை அவருடைய சிவந்த கண்களே சொல்லும்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்திய நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நேர்ந்தன. 1,68,491 பேர் மாண்டனர். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழகத்திற்கே: 64,105. இவை வெறும் எண்களல்ல. ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு வாசற்படியும், அதில் காத்திருந்த ஒருவரும் உண்டு.

காத்திருக்கும் இளைஞர்க்கு

தம்பி, காத்திருப்பது கசப்பானதே. உறவினர் "இன்னும் வேலை கிடைக்கலையா?" என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் அது கூடுதலாய்க் கசக்கும். ஆயினும் இந்நாள்களை வெறுமையாய்க் கழிக்க வேண்டியதில்லை.

முதலாவதாக, பெரிய வண்டி கிடைக்கும்வரை சிறிய வண்டியை இழிவாய் எண்ணாதீர். 2024 நவம்பரில் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, இலகுரக வாகன உரிமம் உடையவர் மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று தீர்ப்பளித்தது. நம் ஊர்த் துணியும் நூலும் போய்வருவது பெரும்பாலும் 'குட்டியானை' போன்ற சிறு வண்டிகளில்தானே! சுமையோடு பிரேக் பிடிப்பது, சந்தையின் நெரிசலில் பின்னால் எடுப்பது, சரக்குச் சீட்டைச் சரிபார்ப்பது, நேரத்திற்குப் போய்ச் சேர்வது ஆகியவற்றை அங்கேயே பழகலாம். ஓராண்டு விபத்தின்றி ஓட்டியவர் என்று ஒருவர் உம்மைப் பற்றிச் சொல்வாராயின், அது உரிமத்திற்கு அடுத்த பெருஞ்சான்றாகும்.

இரண்டாவதாக, பட்டறையை நாடுக. பிரேக் பிரித்துப் போட்டிருக்கும் இடத்தில் ஒரு வாரம் நின்று பார்த்தவருக்கு, இறக்கத்தில் அதனை ஏன் கொதிக்கவிடலாகாது என்பதை எவரும் சொல்ல வேண்டியதில்லை. தார்ப்பாய் கட்டவும், சக்கரம் மாற்றவும், டயரின் தேய்மானம் பார்க்கவும் கற்றுக்கொள்க. நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நிறுவனத்தின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் உண்டு. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக வாகனப் பயிற்சி நிலையம் உண்டு. இத்தகைய இடங்களை நேரில் கேட்டறிக. எரிவாயு, அமிலம் போன்ற அபாயப் பொருள் ஏற்றும் வண்டிக்கு மூன்று நாள் தனிப்பயிற்சியும் உரிமத்தில் தனிக் குறிப்பும் வேண்டும் என்பதையும் மறவாதீர்.

மூன்றாவதாக, அவசரத்தில் தவறான வண்டியில் ஏறாதீர். "இன்றிரவே தனியே போ, விடியுமுன் சேர வேண்டும்" என்று முதல் நாளே சொல்லும் இடத்தில் "முடியாது, ஐயா" என்று பணிவோடு மறுத்துவிடும் துணிவு வேண்டும். மறுப்பதால் ஒரு வேலை போகும். ஏறினால் எது போகும் என்பதை எவரும் அறியார். யாரோடு முதலில் செல்வது என்பதிலும் கவனம் தேவை. குடித்துவிட்டு ஓட்டுபவர் எவ்வளவு திறமைசாலியாயினும் அவர் உமக்கு ஆசானல்லர். விரைவாய் ஓட்டுபவரைக் காட்டிலும், பல்லாண்டு ஓட்டியும் எவரையும் இடிக்காதவரைத் தேடுக. அவர் பேச்சுக் குறைந்தவராயிருப்பார். அவருடைய கையையும் காலையும் பார்த்தே கற்கலாம்.

உரிமையாளர்க்கும் மூத்தோர்க்கும்

லாரி உரிமையாளர் பெருமக்களுக்கு ஒரு சொல். உங்களில் பலர் பக்கத்து இருக்கையிலிருந்து எழுந்து வந்தவர்கள். உங்களுக்கு ஒருவர் இடம் மாறிக் கொடுத்திராவிடில் இன்று உங்கள் பெயர் எந்த வண்டியின் முகப்பிலும் இராது. நாங்கள் கேட்பது தருமமன்று. உங்கள் தொழிலுக்கான முதலீடு. உங்கள் வண்டிகளுள் ஒன்றில், உரிமம் பெற்ற புதியவர் ஒருவரை மூத்த ஓட்டுநரோடு முதல் சில நடைகளுக்கு அனுப்புங்கள். அவருக்குச் சோற்றுக்குரிய படியாவது கொடுங்கள். கற்பிக்கும் மூத்தவர்க்கும் நடைக்கு ஒரு சிறு தொகை கூட்டிக் கொடுங்கள், கற்பிப்பதும் உழைப்பே. ஒருவருக்கு இயலாதது சங்கத்திற்கு இயலும். பத்து உரிமையாளர்கள் சேர்ந்து முறைவைத்து ஆண்டுக்கு இருவரை ஏற்றுக்கொண்டால்கூட, "ஆள் இல்லை" என்னும் முறையீடு ஓரளவேனும் தணியும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. உரிமம் இல்லாத பையனிடம் ஸ்டியரிங்கைக் கொடுப்பது பயிற்சியாகாது. அது சட்டப்படி குற்றம். அவ்வாறு விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவர்க்கு இழப்பீடு கொடுத்துவிட்டு அத்தொகையை உரிமையாளரிடமே வசூலிக்க வழியுண்டு. வண்டியும் போய், வீடும் போன கதைகள் இவ்வாறே பிறக்கின்றன.

மூத்த ஓட்டுநர்களுக்கு ஒரு வேண்டுகோள். "எனக்கு எவன் சொல்லிக் கொடுத்தான்? நானே அடிபட்டுத்தான் கற்றேன்" என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். நீங்கள் பட்ட அடியை இளையவரும் பட வேண்டுமென்பதில்லையே! உங்கள் கைகளில் முப்பதாண்டுச் சாலை இருக்கிறது. உங்களோடு அது மறைந்துவிடலாகாது. புதியவர் கியரை உரசிவிட்டால் வசைபாடாதீர்கள். வசைக்கு அஞ்சியவர் தவற்றை மறைப்பார். மறைத்த தவறு, நீங்கள் பக்கத்தில் இல்லாத நாளில் வெளிப்படும்.

குடும்பத்தார்க்கு

பெற்றோர்களே, அடகுக் கடையின் வட்டி ஏறுகிறது என்பதால் மகனை நெருக்காதீர்கள். "கிடைத்த வண்டியில் ஏறு" என்னும் சொல் உங்கள் வாயிலிருந்து வருவதற்கு முன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நான்கு திங்கள் வட்டியை எப்படியேனும் அடைத்துவிடலாம். அவர் சிறு வண்டி ஓட்டினாலும், பட்டறையில் கிரீஸ் பூசிக்கொண்டு வந்தாலும், "இதற்கா உரிமம் வாங்கினாய்?" என்று கேட்காதீர்கள். லாரி ஓட்டுநர்க்குப் பெண் கொடுக்கத் தயங்கும் வழக்கமும் நம்மிடையே பரவிவருகிறது. இரவெல்லாம் விழித்து நம் வீட்டு அரிசியையும் அடுப்பெரிக்கும் எரிவாயுவையும் கொண்டுவந்து சேர்ப்பவரை மதிக்கத் தெரியாத ஊர், நல்ல ஓட்டுநர் இல்லையே என்று குறை சொல்ல உரிமையற்றது.

வேலை கிடைத்துப் புறப்பட்டபின், அவர் ஓட்டும் நேரத்தில் அழைத்துப் பேசும் பழக்கத்தை விட்டொழியுங்கள். "எங்கே இருக்கிறாய்?" என்று அன்பினால் கேட்கும் கேள்வியே அவருடைய கண்ணைச் சாலையிலிருந்து எடுத்துவிடக்கூடும். "நிறுத்தியதும் நீயே பேசு" என்று சொல்லி அனுப்புவதே மெய்யான அன்பு.

அரசு சில நன்மைகள் செய்யாமலில்லை. 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதன வசதி இருத்தல் வேண்டும் என விதி செய்யப்பட்டுள்ளது. கொதிக்கும் எஞ்சினுக்குப் பக்கத்தில் வெந்து ஓட்டியவர்கள் இதன் அருமையை அறிவார்கள். கேபினுக்குக் குளிர்ச்சி வந்தது நன்று. அதில் இன்னொரு மனிதரும் வந்தமர்வாராயின் அதனினும் நன்று.

இயந்திரங்கள் எவ்வளவு செம்மையானாலும், ஒரு கையிலிருந்து மறு கைக்குச் செல்ல வேண்டிய அறிவு சில உண்டு. நெசவும் அப்படித்தான், அறுந்த இழையை முடியும் விரலசைவை எந்த நெசவாளரும் தனியே இருந்து கற்கவில்லை. சாலையும் அப்படியே. இந்தத் திங்களில் நம் வாசகர்களுள் லாரி உரிமையாளர் ஒருவரேனும், மூத்த ஓட்டுநர் ஒருவரேனும், தம் ஊரில் உரிமத்தோடு காத்திருக்கும் ஓர் இளைஞரை அழைத்து, "நாளைக்கு வா, என்னோடு உட்காரு" என்று சொல்வாராயின், இப்பக்கங்களை எழுதியதன் பயன் நிறைவேறும். அழைப்பவர் யார் என்று பிறரை நோக்காமல், நம்மால் இயல்வதை நாமே செய்வோமாக.